அலை படுத்திருந்த காலையில் கெல்ப் காட்டுக்குள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கே கலிஃபோர்னியாவின் பாயின்ட் லோபோஸ் கடலோரக் காப்பிட வாசலில் டைவுக்காகப் போய் நின்றுவிட்டோம். எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்களுக்கு முன்னால் மூன்று வண்டிகள், மூன்றிலும் பின்பக்கக் கண்ணாடி வழியாக டைவர்கள் முதுகில் மாட்டும் காற்று டேங்க் தெரிந்தது. ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, போனில் கடல் மிதவை அனுப்பும் கணக்கை இன்னொரு தடவை பார்த்தேன். அலை உயரம் 3 அடி, இரண்டு அலைக்கு நடுவில் 9 விநாடி, காற்று இல்லை. மத்திய கலிஃபோர்னியாக் கடலில் இந்த மூன்றும் ஒரே நாளில் கூடி வருவது அபூர்வம். அதுவும் முன்பதிவு செய்து வைத்த நாளிலேயே வருவது என்றால் சொல்லவே வேண்டாம். இங்கே இத்தனை ஜோடி டைவர்கள்தான் ஒரு நாளைக்கு என்று அளவு வைத்திருக்கிறார்கள், அதனால் பல வாரம் முன்னாலேயே பதிவு செய்ய வேண்டும். அன்றைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று பதிவு செய்யும்போது யாருக்கும் தெரியாது.

அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டது இந்த ஏப்ரலில். அன்றும் உயரம் நாலடிதான். ஆனால் இடைவெளி 16 விநாடி. எங்கோ வெகுதூரத்துப் புயலில் பிறந்து வந்த நீள அலை அது. மேலே பார்த்தால் குளம் மாதிரி இருக்கும், கீழே 40 அடி ஆழத்திலும் தண்ணீர் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி இழுக்கும். அலை எவ்வளவு நீளமோ அந்த அளவுக்கு அதன் ஆட்டம் கீழே இறங்கும், உயரத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. வசந்த காலத்தில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே எழும்பி வந்து நுண்ணுயிர்கள் பெருகுவதால் தண்ணீர் பச்சைக் கஞ்சி மாதிரி இருந்தது, கையை நீட்டினால் கை தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வாடகைக்கு எடுத்த ஃபின்னின், அதாவது காலில் மாட்டும் துடுப்பின், வார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அது கெல்ப் என்கிற ராட்சதக் கடற்பாசியில் மாட்டியது. நான் திரும்பிப் பார்க்க உடம்பைச் சுழற்றினேன், சுழற்றியதில் இன்னும் இரண்டு தண்டு டேங்கைச் சுற்றிக்கொண்டது. மூச்சு வேகமாகி, 20 நிமிஷத்தில் பாதிக் காற்றைத் தீர்த்துவிட்டேன். ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை, கூட வந்தவர் அமைதியாக வந்து எடுத்துவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு யோசித்துப் பார்த்தால் அந்த டைவில் நான் பார்த்தது என்று ஒன்றுமே மனதில் இல்லை.

அன்று எடுத்துவிட்டவர் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை, யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்தக் கடலில் இருபது வருஷமாக இறங்குகிறவர். என்னைத் தம்பி என்பார், 'நீர்' என்று போட்டுப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் என் ஜோடி.

பாயின்ட் லோபோஸ், கார்மெல் ஊருக்குத் தெற்கே நாலைந்து கிலோமீட்டர், ஒன்றாம் எண் நெடுஞ்சாலையின் மேலேயே இருக்கிறது. டைவுக்கு அனுமதி உள்ளது இரண்டு குடாக்களில் மட்டும், வேலர்ஸ் கோவ், புளூஃபிஷ் கோவ். இறங்கும் இடம் வேலர்ஸ் கோவில் உள்ள கான்கிரீட் சரிவு. குடா வடக்கே பார்த்து இருப்பதால் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் அலைக்கு ஒரு மறைவு கிடைக்கிறது. பக்கத்திலேயே மொனாஸ்டரி பீச் இருக்கிறது, பார்க்க அழகு, ஆனால் கரை செங்குத்தாக விழும், அங்கே தெரியாமல் இறங்கி உயிரை விட்டவர்கள் பலர். கரையிலிருந்து இறங்கும் டைவில் முதல் கேள்வி எங்கே இறங்குவது என்பது இல்லை, எங்கே ஏறி வெளியே வரப் போகிறோம் என்பதுதான். அந்த விஷயத்தில் வேலர்ஸ் கோவ் மாதிரி நல்ல இடம் இந்தப் பக்கம் குறைவு.

குடாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மரக் குடிசை இருக்கிறது. 1850களில் இங்கே வந்த சீன மீனவர்கள் கட்டியது, இப்போது சிறிய அருங்காட்சியகம். பிறகு திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்தார்கள், குடாவின் பெயர் அவர்களால் வந்தது. எனக்கு மனதில் நிற்கிற ஆள் கென்னோசுகே கொடானி. 1890களின் இறுதியில் இங்கே வந்த ஜப்பானியர். பாறைகளில் அபலோனி என்கிற பெரிய கடல் நத்தை மலிந்து கிடப்பதைப் பார்த்து, ஜப்பானின் சீபா பகுதியிலிருந்து மூச்சடக்கிக் குளிக்கிற ஆட்களை வரவழைத்தார். தண்ணீரின் குளிரை அவர்களால் தாங்க முடியவில்லை, அதன் பிறகுதான் தலையில் பித்தளைக் கவசமும் உடம்பில் முழு உறையும் மாட்டிய டைவர்கள் இறங்கினார்கள். இந்தக் கரையிலேயே அபலோனியை டப்பாவில் அடைக்கும் ஆலையும் நடந்தது. நான் பிறந்த ராமநாதபுரக் கரையில் முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்றுதான் சொல்வார்கள், அதனால் குளிப்பது என்ற சொல்லுக்கு எனக்கு எப்போதும் இரண்டு அர்த்தம் உண்டு. சீபாவிலிருந்து வந்து இந்த நீரில் முதல் முதலாகக் குளித்த அந்த மனிதர்களை, குளிர் தாங்க மாட்டும் வெட்சூட்டுக்குள் முதல் சொட்டுத் தண்ணீர் முதுகில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.

வண்டியை நிறுத்தியதும் நான் டேங்கை இறக்கப் போனேன். அக்கா விடவில்லை. "தம்பி, முதல் கடலைப் பாரும். உடுப்பு பிறகு போடலாம்." பதினைந்து நிமிஷம் சும்மா நின்று பார்த்தோம். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், நடுவில் ஓய்வு இருக்கும், ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு அமைதி என்று முடிவு செய்தால் அடுத்த கூட்டம் வரும்போது சரிவில் வழுக்கி விழ வேண்டியதுதான். அன்று கூட்டமே வரவில்லை. சரிவின் அடியில் தண்ணீர் அரை அடி ஏறி அரை அடி இறங்கியது, அவ்வளவுதான். குடாவின் நடுவில் கெல்ப்பின் மேல்தளம் தேன் நிறத்தில் விரித்துப்போட்ட பாய் மாதிரி கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு வெண்கொக்கு நின்றுகொண்டிருந்தது, கெல்ப் இலைகளின் மேலேயே.

தண்ணீர் 12 டிகிரி. 7 மில்லிமீட்டர் வெட்சூட், தலைக்கு ஹூட், கைக்கு உறை, இதெல்லாம் போட்டால் மிதப்பு அதிகம், அதை அடக்க இடுப்பிலும் ஜாக்கெட்டிலும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ ஈயம். கெல்ப்புக்குள் போகிறவர்கள் கரையில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு, உடம்பில் எது தொங்கினாலும் அதை மடக்கி ஒடுக்குவது. பிரஷர் காட்டும் குழாயை மார்போடு க்ளிப் போட்டேன். ஃபின் வாரின் நுனியை உள்பக்கமாகத் திருப்பிச் சொருகினேன். ஸ்நார்க்கலைக் கழற்றிப் பையில் வைத்தேன். அக்கா என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் அம்மா மாதிரி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

சரிவில் பாசி படிந்து வழுக்கும், அதனால் இடுப்பளவு தண்ணீர் வரும்வரை பக்கவாட்டில் கால் வைத்து இறங்கி, அங்கே நின்று ஃபின் மாட்டிக்கொண்டு மல்லாக்க நீந்தத் தொடங்கினோம். எங்களுக்கு வேண்டியது மிடில் ரீஃப் என்கிற பாறைத் தொடர், குடாவின் நடுவில் இருக்கிறது. மேலேயே நீந்திப் பாதித் தூரம் போய், கெல்ப் தளம் அடர்த்தியாகும் இடத்தில் இறங்குவது அக்காவின் வழக்கம். காற்று மிச்சமாகும், திசையும் தப்பாது. ஒருவேளை காற்று தீர்ந்து கெல்ப்புக்கு நடுவில் மேலே வர நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் போகிற போக்கில் செய்து காட்டினார். கையை மேலே வீசிப் போட்டுத் தளத்தை அமுக்கி, அதையே பிடித்து உடம்பை முன்னே இழுத்து, அதன் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், கால்களை உதைக்கவே கூடாது. உதைத்தால் சிக்கும். கெல்ப்புக்கு அடியில் போவதுதான் என்றைக்கும் சுலபம், மேலே அடர்ந்து கிடந்தாலும் கீழே தண்டுகளுக்கு நடுவில் ஆள் போகத் தாராளமாக வழி இருக்கும்.

இறங்கினோம்.

இதை எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். முதல் பத்தடியில் எல்லாம் மங்கலாக இருந்தது, அதைத் தாண்டியதும் ஒரு திரை விலகின மாதிரி கண்ணுக்கு எட்டிய தூரம் சட்டென்று நீண்டது. நாற்பது, ஐம்பது அடிக்குக் குறையாமல் தெரிந்தது. சுற்றிலும் தண்டுகள், தரையிலிருந்து மேல்தளம்வரை, ஒவ்வொன்றும் பல கொடிகள் முறுக்கிக்கொண்ட கட்டு. மேல்தளத்தின் ஓட்டைகள் வழியாக வெயில் சாய்ந்து தூண் தூணாக இறங்கியது. தண்டுகள் ஆடவே இல்லை. ஏப்ரலில் இதே காடு பேய் பிடித்த மாதிரி ஆடியது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது இலைகள் மட்டும் மூச்சுவிடுகிற அளவுக்கு மெதுவாக ஏறி இறங்கின.

கெல்ப் செடி இல்லை, மரமும் இல்லை, பழுப்புப் பாசி இனம். வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ள விரல் விரலாகப் பின்னிய ஒரு பிடிப்பு மட்டும் உண்டு, அது உறிஞ்சுவதற்கு இல்லை, பிடிப்பதற்கு மட்டும்தான். அதற்கு வேண்டிய சத்தெல்லாம் இலை வழியாகவே தண்ணீரிலிருந்து வருகிறது, அதனால்தான் சத்து மிகுந்த இந்தக் குளிர்ந்த நீர் அதற்கு அவசியம். நல்ல நிலைமையில் ராட்சத கெல்ப் ஒரு நாளைக்கு 60 சென்டிமீட்டர்வரை வளரும். ஒவ்வொரு இலையின் அடியிலும் நெல்லிக்காய் அளவில் ஒரு காற்றுப்பை, அதுதான் இத்தனை உயரத்தையும் நிமிர்த்திப் பிடிக்கிறது. அந்தக் காற்றுப்பையைக் கையுறைக்குள் பிடித்துப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கடற்கரை ஞாபகம் வந்தது. மண்டபம் பக்கம் கரையில் ஒதுங்குகிற கட்டக்கோரையிலும் இதே மாதிரி மிளகு அளவில் காற்றுப்பைகள் இருக்கும், சின்ன வயதில் காலால் மிதித்து வெடிப்போம். அதுவும் பழுப்புப் பாசிதான், கெல்ப்புக்கு ஒருவிதத்தில் தூரத்து உறவு. கெல்ப்பிலிருந்து எடுக்கிற அதே ஆல்ஜினேட்டைக் கட்டக்கோரையிலிருந்தும், பக்கோடா பாசியிலிருந்தும் எடுக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி அந்தப் பாசியைப் பறிக்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு டேங்கும் இல்லாமல் அவர்கள் செய்ததை, இத்தனை சாமான் மாட்டிக்கொண்டு இங்கே செய்துகொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் அந்த ஆழத்தில் எனக்கு வந்தது, வந்து கொஞ்ச நேரம் இருந்தது.

சிக்கிக்கொள்வதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். கெல்ப் தண்டை இழுத்தால் அறாது. எவ்வளவு பலமாக இழுத்தாலும் அறாது, அலையைத் தாங்கவே அது அப்படி வளர்ந்திருக்கிறது. ஆனால் இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று மடக்கினால் கேரட் மாதிரி ஒடியும். மாட்டினால் நின்றுவிட வேண்டும், திரும்பாமல் அப்படியே ஒரு முழம் பின்னால் போக வேண்டும், பெரும்பாலும் அதிலேயே கழன்றுவிடும். அக்கா இதைச் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். "கெல்ப் எங்களைப் பிடிக்கிறேல்லைத் தம்பி, நாங்கள்தான் போய் மாட்டுறது." அன்று முழு டைவிலும் ஒரே ஒரு தடவைதான் என் டேங்க் வால்வில் ஒரு கொடி மாட்டியது. நின்றேன், பின்னால் போனேன், கழன்றது. மூச்சு ஒரு தாளம்கூடத் தப்பவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

மணல் தரை 25 அடியில் இருந்தது. மணலில் விழுந்திருக்கும் வரிகள் கரைக்கு இணையாக ஓடும், அதைக் குறுக்காக வெட்டிக்கொண்டு காம்பஸ் முள்ளைப் பார்த்து வடக்கே போனால் மிடில் ரீஃப் இருளாக எழும்பி நிற்கும். பாறையின் தலை 30 அடி, அடி 60 அடி. கிட்டே போய் டார்ச்சை அடித்தேன். சாம்பலாகத் தெரிந்த சுவர் அப்படியே ரோஜா நிறமாக மாறியது. ஸ்ட்ராபெரி அனிமோன் என்கிறார்கள், நகக்கண் அளவுகூட இல்லாத ஆயிரக்கணக்கான உயிர்கள், ஒவ்வொன்றும் சிவந்த உடம்பும் வெள்ளைப் பொட்டு வைத்த கைகளுமாக, பாறையில் ஊசி குத்த இடமில்லாமல். நடுநடுவே ஊதா நிறத்தில் ஹைட்ரோகோரல், பவளம் மாதிரியே கிளைவிடும், மிக மெதுவாக வளரும், ஒரு ஃபின் உதை போதும் பல வருஷ வளர்ச்சி போய்விடும். அதனால் இங்கே மிதப்பைச் சரியாக வைத்துக்கொள்வது அழகுக்காக இல்லை. அலை இழுக்கும் நாட்களில் என்னதான் கவனமாக இருந்தாலும் பாறையில் கை வைக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவருக்கு ஒரு அடி முன்னால், எதையும் தொடாமல், மூச்சை மட்டும் கூட்டிக் குறைத்து பத்து நிமிஷம் நின்றேன்.

நின்றால்தான் வருகிறார்கள். முதலில் நீல ராக்ஃபிஷ் கூட்டம், நூறு இருக்கும், தண்டுகளுக்கு நடுவில் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்து அந்தரத்தில் தொங்கின. கெல்ப் ராக்ஃபிஷ் ஒன்று இலைக்குள் தலைகீழாக நின்றது, இலை என்றே நினைத்தேன், கண் அசைந்ததும் தெரிந்தது. இந்த ராக்ஃபிஷ் இனமே முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். கீழே ஒரு பாறைத் திட்டில் லிங்காட் ஒன்று என் கை நீளத்துக்கு மேல், வாயைத் திறந்து மூடிக்கொண்டு, நகராமல் எங்களைப் பார்த்தது. இந்த அளவு மீனை வேறு இடங்களில் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது, விலகிப் போய்விடும். இங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. 1960-இல் இந்தக் குடாவையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 750 ஏக்கரைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தார்கள், அமெரிக்காவில் கடலடிக்காக ஏற்படுத்தப்பட்ட முதல் காப்பிடம் இதுதான். ஒரு சிப்பி ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது. அந்த லிங்காட்டுக்கு மனிதனைப் பார்த்துப் பயப்பட இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அக்கா என் தோளைத் தட்டி ஒரு இடுக்கைக் காட்டினார். நான் எழுத நினைத்ததே இதைப் பற்றித்தான்.

பாறையில் கிடைமட்டமாக ஓடும் பிளவு அது, ஒரு ஆள் நீளம், உள்ளே ஒரு முழ ஆழம். டார்ச்சை உள்ளே அடித்தார். ஊதாக் கடல் முள்ளெலிகள், அதாவது உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் சீ அர்ச்சின்கள், வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. அசையவில்லை. சிலதின் முள்ளுக்கு நடுவில் கெல்ப் துண்டுகள் செருகியிருந்தன. அக்கா ஒவ்வொன்றாக விரலால் எண்ணிவிட்டு, கையில் கட்டியிருந்த சிலேட்டில் பென்சிலால் ஏதோ எழுதினார். பிறகுதான் தெரிந்தது, பத்து வருஷமாக ஒவ்வொரு தடவை வரும்போதும் இந்த இடுக்கை எண்ணிக்கொண்டு வருகிறாராம்.

ஒரு கெல்ப் காடு நன்றாக இருக்கிறதா என்பதை மேலே தேன் நிறத் தளத்தைப் பார்த்துச் சொல்வதைவிட, இந்த இடுக்குகளைப் பார்த்துச் சொல்வது சரியாக இருக்கும். காடு செழித்திருந்தால் அறுந்த இலைகள் மழை மாதிரி கீழே விழுந்துகொண்டே இருக்கும், முள்ளெலிகள் இடுக்குக்குள் உட்கார்ந்தபடியே அதைப் பிடித்துச் சாப்பிடும், வெளியே வரத் தேவையில்லை, வந்தால் தங்களைத் தின்ன ஆள் இருக்கிறது என்ற பயமும் உண்டு. இலை குறைந்தாலோ, தின்கிறவன் இல்லாமல் போனாலோ, வெளியே வரும். வந்தால் உயிரோடு நிற்கிற தண்டின் அடிப் பிடிப்பையே கடிக்கும். பிடிப்பு போனால் முப்பது நாற்பது அடி உயரத் தண்டு முழுதும் மிதந்து போய்விடும். ஒரு தண்டுக்கு அவ்வளவுதான் கணக்கு.

2013-இல் நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்தது. கைகள் முறுக்கி, உதிர்ந்து, சில நாளில் சளி மாதிரி கரைந்துபோகும். அதில் மிக மோசமாக அடிபட்டது சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபதுக்கும் மேல் கைகள், ஒரு மீட்டர் அகலம்வரை வளரும், முள்ளெலியைத் துரத்திப் பிடித்துத் தின்னும். கலிஃபோர்னியாவில் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அதன் பின்னாலேயே 2014 முதல் 2016 வரை கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடாகிக் கிடந்தது, சத்து குறைந்து கெல்ப் வளர்ச்சி நின்றது. இரண்டும் சேர்ந்து வடக்கு கலிஃபோர்னியாவில் 350 கிலோமீட்டர் கரையோரத்தில் 'bull kelp' என்கிற இன்னொரு வகைக் கெல்ப்பின் காடுகளில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. நோய்க்குக் காரணம் ஒரு விப்ரியோ பாக்டீரியா என்று கண்டுபிடிக்கவே 2025 ஆகிவிட்டது. காடு அழிந்த இடத்தில் முள்ளெலி மட்டும் கம்பளம் மாதிரி கிடக்கும். அது பட்டினியிலும் சாகாது, வருஷக்கணக்கில் உள்ளே வெறும் கூடாக உயிரை வைத்துக்கொண்டிருக்கும், ஒரு சின்னக் கெல்ப் முளை வந்தாலும் தின்றுவிடும். அதனால் கடல் மறுபடி குளிர்ந்தாலும் காடு தானாகத் திரும்புவதில்லை.

மான்டரே பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. இங்கே கடல் நீர்நாய் உண்டு. தோலுக்காக வேட்டையாடி அழிந்தே போய்விட்டது என்று நினைத்த விலங்கு, 1938-இல் பிக் சர் கரையோரம் ஒரு சின்னக் கூட்டம் கண்ணில் பட்டது. இன்று கலிஃபோர்னியாவில் இருப்பது ஏறக்குறைய 3,000, எல்லாம் அந்தக் கூட்டத்தின் வாரிசுகள். நீர்நாய் முள்ளெலி தின்னும், ஆகவே காட்டைக் காப்பாற்றிவிடும் என்று நான் சுலபமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிட நுணுக்கமானது. பட்டினி கிடக்கும் முள்ளெலியின் உள்ளே தின்ன ஒன்றும் இருக்காது, நீர்நாய் அதைச் சீண்டாது. காடு மிச்சமிருக்கிற இடத்தில் கெல்ப் தின்று கொழுத்த முள்ளெலிகளைத்தான் தேடித் தேடித் தின்னும். அதாவது இருக்கிற காட்டை அது காக்கும், போன காட்டை மீட்டுத் தராது. மீட்கிற வேலைக்கு மனிதர்கள்தான் இறங்க வேண்டியிருந்தது. மான்டரேயில் டேங்கர்ஸ் ரீஃப் என்ற இடத்தில் 2021 முதல் கொஞ்ச காலம் பொழுதுபோக்கு டைவர்களே சுத்தியலோடு போய் முள்ளெலிகளைக் குறைக்க அனுமதி தந்தார்கள். பாயின்ட் லோபோஸில் எதையும் தொட முடியாது. எண்ணலாம், பார்க்கலாம்.

இடுக்கிலிருந்து இருபதடி தள்ளி, பாறைத் தொடரின் ஓரத்தில், அக்கா இன்னொன்றையும் காட்டினார். நான்கு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு வெற்றுப் பாறை. கெல்ப் இல்லை, அனிமோன் இல்லை, சுண்ணாம்புப் பாசி படிந்த இளஞ்சிவப்புத் தோல் மட்டும், அதன் மேல் முள்ளெலிகள் வெளிச்சத்தில் பகிரங்கமாகக் கிடந்தன. ஐந்தடி இந்தப் பக்கம் முழுக் காடு. ஐந்தடி அந்தப் பக்கம் மொட்டை. நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரி. படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நேரில் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்தது. சுற்றியும் தேடினேன், அந்த ஓரத்தில் நட்சத்திர மீன் என்று இருந்தது வவ்வால் நட்சத்திரங்கள் மட்டும்தான், செங்கல் நிறத்தில் தட்டையாக. அவை முள்ளெலியைக் கட்டுப்படுத்துகிற அளவுக்கு வேட்டைக்காரர்கள் இல்லை. ஏப்ரலில் நான் இந்த இடத்தின் மேலேயேதான் நீந்திப் போயிருக்க வேண்டும். காம்பஸ் வழி அதேதான். பார்க்கவில்லை.

டேங்கில் காற்றழுத்தம் 1,600 பிஎஸ்ஐக்கு வந்ததும் திரும்பினோம். வரும் வழியில் ஃபின்னில் ஏதோ மெல்ல இழுத்தது. கெல்ப் என்று நினைத்து நின்றேன். திரும்பாமல் தலையை மட்டும் குனிந்து கால்களுக்கு நடுவில் பார்த்தால் ஒரு ஹார்பர் சீல், பெரிய கறுப்புக் கண்களோடு என் ஃபின் நுனியை வாயில் வைத்திருந்தது. நாமாகப் போய்த் தொடக் கூடாது, துரத்தக் கூடாது, அது சட்டம். அது நம்மைத் தொடுவதற்குச் சட்டம் கிடையாது. சுமார் ஐந்து நிமிஷம் கூடவே வந்தது, ஒரு தடவை அக்காவின் குமிழிகளுக்குள் புகுந்து தலைகீழாகத் திரும்பி என் முகக் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது, பிறகு இரண்டு தண்டுகளுக்கு நடுவில் ஒரு வளைவு வளைந்து காணாமல் போனது.

மேலே ஏறும் முன் டைவர்கள் பாதுகாப்புக்காக நிற்கிற மாதிரி 15 அடியில் மூன்று நிமிஷம் நின்றோம். அலையுள்ள நாளில் இந்த மூன்று நிமிஷம் ஒரு போராட்டம், அன்று ஒரு கெல்ப் கட்டை லேசாக இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் போதும். இலைகளில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தைகளைப் பார்த்தபடி நின்றேன், பளபளவென்று பொன் விளிம்பு போட்ட ஓடு, பெரிய வேர்க்கடலை அளவு. தலைக்கு மேலே வெளிச்சம் வட்டமாகத் தெரிகிற ஓட்டையைத் தேடி, ஒரு கையை உயர்த்திக்கொண்டு, மெதுவாக மேலே வந்தோம். ஆழம் அதிகபட்சம் 52 அடி, நேரம் 56 நிமிஷம், மிச்சக் காற்று 800. ஏப்ரலில் இதே டேங்க் 31 நிமிஷம்தான் வந்தது.

மேலே வந்தால் முப்பதடி தள்ளி ஒரு நீர்நாய் மல்லாந்து கிடந்தது. மிதந்து போகாமல் இருக்க உடம்பில் ஒரு கெல்ப் இலையைச் சுற்றிக்கொண்டு, வயிற்றில் எதையோ வைத்து உடைத்துக்கொண்டிருந்தது. டக் டக் என்ற சத்தம் குடா முழுவதும் கேட்டது. அக்கா ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துவிட்டு முதல் வார்த்தையாகச் சொன்னது, "என்ன திங்குது எண்டு தெரியுதோ?" இருவருக்கும் தெரியவில்லை, நண்டாகவும் இருக்கலாம். முள்ளெலியாக இருக்கட்டும் என்று நான் மனதார விரும்பினேன்.

சரிவில் ஏறும்போது கால் நடுங்கியது, குளிர் அப்போதுதான் தெரிகிறது. வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அக்கா வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணியைக் குடித்தோம், கூடவே பனங்கட்டித் துண்டு. சிலேட்டில் எழுதியதை ஒரு பழைய நோட்டில் மாற்றி எழுதினார். நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தேதி, ஆழம், தண்ணீரின் குளிர், கடைசிக் கட்டத்தில் இடுக்கு எண்ணிக்கை. 14, 16, 15, ஒரு வருஷம் 31, பிறகு 27, 22. ஞாயிற்றுக்கிழமை 19.

"குறையுது போலக் கிடக்கு அக்கா" என்றேன், அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொள்கிறது.

"உள்ளுக்க குறையுது எண்டா வெளியில போயிருக்கும் தம்பி. அந்த வெறும் இடத்தையும் வடிவாய் எண்ண வேணும். இண்டைக்குத்தான் அதை முதல் முதல் தெளிவாப் பார்த்தனான்."

நோட்டில் ஒரு புதுக் கட்டம் போட்டு என்னிடம் நீட்டினார். மொட்டைப் பாறைக்கு வலது பக்கம் பெரிய பிளவு இருக்கிறதே, அதிலிருந்து கணக்குப் பண்ணினால் அளவு தப்பாது என்று ஒரு படம் வரைந்தேன். இரண்டாவது டேங்க் வண்டியில் இருந்தது, கடல் இன்னும் அப்படியேதான் படுத்திருந்தது. ஈர வெட்சூட்டைத் திரும்ப இழுத்து மாட்டிக்கொண்டு, பதினொன்றரைக்கு எண்ணப் போனோம். 143 இருந்தது.